தோணிப் பாலத்தில் அறுபத்தொரு சாவு

ஒருவர் கடைசியாக எங்கே செத்தார் என்பது பதினெட்டாவது கட்டத்தில் இருக்கும். அந்தக் கட்டத்தை மறைத்து வைத்தவள் நான். மறைக்கச் சொன்னவன் மேஸ்திரி.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஒரு கம்பெனி வாள்சண்டை விளையாட்டு ஒன்றை விற்கிறது. திரையில் ஒருத்தியை நடத்திக்கொண்டு போய், வெட்டி, வெட்டுப்பட்டு, பலம் சேர்த்து, கதையை முடிக்க வேண்டும். நம் மொழியிலும் வந்திருக்கிறது. ஆடுகிறவர்கள் எழுதி அனுப்பும் கருத்துகளைப் படித்து, இது சண்டை பற்றி, இது கதை பற்றி, இது கோளாறு, இது வெறும் வசவு என்று பிரித்து, மாதம் ஒரு முறை ஜப்பானுக்கு அறிக்கை அனுப்புவது எங்கள் அலுவலகத்தின் பிழைப்பு. பிரிக்கிறவள் நான். ஒரு நாளைக்கு நானூறு கருத்து. அப்பா மூட்டை தூக்குகிறவர். "நானும் இங்கேர்ந்து எடுத்து அங்க வைக்கிறேன், நீயும் இங்கேர்ந்து எடுத்து அங்க வைக்கிற. இதுக்கா மூணு வருஷம் காலேஜு?" என்று கேட்டார். முதுகு வலிக்காது என்று மட்டும் சொன்னேன். அதுவும் பொய்.

விளையாட்டின் கதை இது. வாள்காரி ஒருத்தி, வைத்தியக்காரி ஒருத்தி. ஊரை எரித்த படையைத் துரத்திக்கொண்டு இரண்டு பேரும் ஏழு அத்தியாயம் நடக்கிறார்கள். முதல் அத்தியாயத்தில் ஒருத்தியை ஒருத்தி நம்புவதில்லை. நான்காவதில் ஒரே போர்வை. ஏழாவதில் ஓர் உப்புக் கிடங்கில், வாள்காரியின் தோள் காயத்தைக் கட்டி முடித்த பிறகும் வைத்தியக்காரி கையை எடுப்பதில்லை. வாள்காரி அந்தக் கையைப் பிடித்து முத்தமிடுகிறாள். பிறகு வாயில். பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் கதைக்கு ஜப்பானில் யூரி என்று பெயர். எங்கள் கணினித் தாளிலும் அதற்குத் தனிக் கட்டம் உண்டு.

அந்தக் கட்டத்தில் விழுந்த கருத்துகளைப் போல நான் கல்லூரியில்கூட எதையும் ரசித்துப் படித்ததில்லை.

'ஐம்பது மணி நேரமா ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருக்காங்க. யாராவது ஒருத்தி வாயத் தொறங்கடி.'

'சண்டை பிரமாதம். காதல் எதற்கு? நான் வெட்ட வந்தேன், அழ வந்தேனா? ஆனால் அழுதுவிட்டேன், அது வேறு விஷயம்.'

'இவளுக்கு அவள்தான் என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே என் கணவரிடம் பந்தயம் கட்டினேன். இந்த வாரம் பாத்திரம் கழுவுவது அவர்.'

'காதல் எல்லாம் சரி. என் குதிரை சுவருக்குள் போய்விட்டது. அதை யார் காதலிப்பது?'

ஒவ்வொரு கருத்தின் வாலிலும் விளையாட்டே சில தகவல்களை ஒட்டி அனுப்பிவிடும். எத்தனை மணி நேரம் ஆடினார், எத்தனை முறை செத்தார், கடைசியாக எங்கே செத்தார், எந்த மெஷினில் ஆடினார், எந்த நேரம். இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு தடவையாவது செத்தால்தான் கருத்து எழுதும் பக்கமே திறக்கும். அடிபடாதவன் பேச்சைக் கேட்கப்போவதில்லை என்று அந்தக் கம்பெனியில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

மேஸ்திரி என்பது எங்கள் குழுத் தலைவனுக்கு நாங்கள் வைத்த பெயர். தினமும் காலையில் பேனாவை நீட்டி நீட்டித் தலைகளை எண்ணுவான். இங்கே வருவதற்கு முன்னால் குளியலறை டைல்ஸ் விற்றவன். விளையாட்டு என்றால் அவனுக்குக் சின்னப்பிள்ளைச் சமாச்சாரம். ஆனால் எந்தக் கூட்டத்திலும், "நான் முழுசா ஆடிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்" என்றுதான் ஆரம்பிப்பான். நான் சேர்ந்த முதல் வாரம், என் தாளை அச்செடுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"என்னம்மா இது, தாள்ல அடங்காம ரயில் பெட்டி மாதிரி போகுது? எவன் எங்க செத்தா நமக்கென்ன? பன்னெண்டுக்கு மேல எல்லாத்தையும் மறைச்சு விடு."

மறைத்தேன். மறைப்பது என்றால் அழிப்பதில்லை. ஒரு தட்டு தட்டினால் எல்லாம் எழுந்து உட்காரும். அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

இனி பட்டாணி.

அவள் மெஷின் ரூமில் சோதனை ஆட்டக்காரி. விளையாட்டை ஆடி ஆடி எங்கே கோளாறு என்று கண்டுபிடித்து எழுதுவது அவள் வேலை. நாலாம் நம்பர் மெஷின் அவளுடையது. நாற்காலியில் உட்கார்ந்து ஆடமாட்டாள். சட்டியில் வறுபடும் பட்டாணி மாதிரி துள்ளிக்கொண்டே ஆடுவாள். அதனால்தான் அந்தப் பெயர். தன் சொந்தக் கணக்கில் அவள் ஒரு தடவைகூடச் செத்ததில்லை. தொள்ளாயிரம் மணி நேரம், சாவு பூஜ்யம். அதனால் கருத்து எழுதும் பக்கம் அவளுக்குத் திறக்கவே இல்லை.

"ஊர்ல இருக்கறவன் எல்லாம் எழுதறான், நீ படிக்கற. நான் எழுதினா மட்டும் படிக்க மாட்டேங்கற" என்பாள்.

"செத்துட்டு வாடி, படிக்கிறேன்."

"எனக்குச் சாக வரலயே, என்ன பண்றது?"

ஒரு நாள் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். உப்புக் கிடங்கில் எதிரி யாரும் கிடையாது. அங்கே யாராலும் சாக முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சோதனைக் கணக்கில் ஆடும்போது அவள் கண்டுபிடித்திருந்தாள். இடது பக்கக் கடைசித் தூணை வாளின் பிடியால் மூன்று தடவை இடித்தால், உத்தரம் பெயர்ந்து தலையில் விழும். செத்துப்போகலாம். உலகத்தில் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். கோளாறு என்று எழுதிக் கொடுக்க வேண்டியது அவள் கடமை. அவள் எழுதவில்லை.

"இது நம்மளோடது" என்றாள். "எப்பயாவது சாகணும்னு தோணினா இங்க வந்து சாவேன். அப்ப நீ படிச்சுத்தான் ஆகணும்."

எங்களுக்கு உப்புக் கிடங்கு இல்லை. மாடிப்படித் திருப்பத்தில் தண்ணீர் பிடிக்கும் இடம் இருந்தது. அங்கேதான் நான் முதலில் வாயைத் திறந்தேன். அங்கேதான், நான்கு மாதங்களுக்கு முன்னால் ஒரு மதியம், அவள் தலை என் தோளில் இருந்தபோது மேஸ்திரி படியிறங்கி வந்தான்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். சிரித்தான். பிறகு தன் மேஜைக்குப் போய், வேலைக்குச் சேர்ந்தபோது நாங்கள் எழுதிக் கொடுத்த படிவங்களை எடுத்தான். அதில் ஒரு வரி உண்டு: அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர். விபத்து நடந்தால், மயங்கி விழுந்தால் கூப்பிடுவதற்காக வாங்கிய எண்கள். அவளுடையதில் அவள் அண்ணன் எண். என்னுடையதில் அம்மா எண். இரண்டுக்கும் போன் போட்டான்.

அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் இருக்கிறாள். பெரிய பெரிய மெஷின் சத்தத்துக்கு நடுவில் போனை எடுத்திருக்கிறாள்.

"உங்க பொண்ணு ஒரு பொண்ணுகூட நெருக்கமா பழகுறா."

"பையன்கூடப் பழகக் கூடாதுன்னுதானே சார் எல்லாரும் சொல்லுவீங்க? இப்ப இதுவும் கூடாதா? அப்ப யாருகூடப் பழகறது, நாற்காலிகூடயா?" என்றிருக்கிறாள். "அவசரம்னு கூப்பிட்டீங்க. எம் பொண்ணு உயிரோட இருக்கால்ல? அப்ப வைங்க. இஸ்திரில துணி தீயுது."

வீட்டுக்கு வந்ததும் என்னை ஒன்றும் கேட்காமல் இல்லை. நிறையக் கேட்டாள், இரண்டு நாள் பேசவும் இல்லை. ஆனால் அந்தப் போனில் என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

பட்டாணிக்கு அந்த வசதி இல்லை. அப்பா அம்மா இல்லாதவள். அண்ணன் வளர்த்தான், அதைத் தினமும் சொல்லிக் காட்டியே வளர்த்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு அலுவலக வாசலில் நின்றான். அவள் பையை எடுத்துக்கொள்ளக்கூட விடவில்லை. கோப்பையில் பாதித் தேநீர் இருந்தது. மூன்றாம் நாள் ராஜினாமாக் கடிதம் வந்தது. பெயர் அவளுடையது, கையெழுத்து அவளுடையதே இல்லை. அவள் போன் அணைந்துபோனது.

இரண்டு பஸ் மாறி அந்த வீட்டுக்குப் போனேன். இரும்புக் கதவு. உள்ளேயிருந்து கனமான உறுமல் ஒன்று கேட்டது. அந்த உறுமலை எந்தத் தூக்கத்திலும் அடையாளம் சொல்வேன். முதல் அத்தியாயத்தில், தோணிப் பாலத்தில் நிற்கும் கோடாலிக்காரன் உறுமல் அது. புதிதாக ஆடுகிற எவனையும் அவன்தான் முதலில் கொல்வான். அண்ணன் அந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். அலுவலகச் சலுகை விலையில் அவனுக்கு அதை வாங்கிக் கொடுத்ததே பட்டாணிதான்.

கதவுக்கு வந்து, "யாரு?" என்றான். சொன்னேன். "அப்படி யாரும் இங்க இல்ல" என்றான். கையில் ஆட்டத்தை ஓட்டும் கருவி இருந்தது. பேசிக்கொண்டே அதன் பொத்தானை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அழவில்லை. ஒன்று மட்டும் மனதில் ஓடியது: அந்த வீட்டில் ஒரு மெஷின் இருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் காலையில், மேஸ்திரி தலை எண்ணி முடித்ததும், ஒரு தட்டு தட்டி மறைத்த கட்டங்களை எழுப்புவேன். பதினெட்டாவது கட்டத்தில் 'உப்புக் கிடங்கு' என்று தேடுவேன். இருக்காது. மறுபடி மறைத்துவிடுவேன். நான்கு மாதம் இப்படித்தான். எல்லோருடைய சாவையும் படித்துக்கொண்டு, ஒருத்தியின் சாவுக்காகக் காத்திருந்தேன். மேஸ்திரியை என்ன செய்வது என்றும் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசனை எல்லாம் சின்னச் சின்னதாகவே வந்தது. அவன் வண்டிச் சக்கரத்தில் காற்றைப் பிடுங்குவது, நாற்காலியில் பசை தடவுவது. படித்த பெண்ணுக்கு இவ்வளவுதான் வருகிறதா என்று என் மீதே கோபம்.

பிறகு அவனே கொண்டுவந்து கொடுத்தான்.

விளையாட்டின் இரண்டாம் பாகம் தயாராகிக்கொண்டிருந்தது. நம் மொழிக்காரர்கள் அந்தக் காதலை என்ன நினைக்கிறார்கள் என்று ஜப்பான் கம்பெனி கேட்டிருந்தது. பிடிக்கவில்லை என்றால் நம் மொழிப் பதிப்பில் மட்டும் அதை வெட்டி, இரண்டு பேரையும் அக்கா தங்கை ஆக்கி, 'குடும்பப் பதிப்பு' என்று ஒன்று செய்யலாம் என்பது மேஸ்திரியின் யோசனை. வெட்டி ஒட்டுகிற வேலைக்கு முப்பது பேர், ஒரு வருடம். அதற்கு அவன் தலைவன். தனி அறை, தனிக் கதவு.

"அந்தக் காதல ஆகா ஓகோன்னு எழுதறவங்க எல்லாம் ஒரு மாதிரி ஆளுங்க. அதெல்லாம் தூக்கி 'பொருந்தாதவை'ல போடு" என்றான்.

"எல்லாத்தையுமா சார்?"

"எல்லாத்தையும். உனக்கு அதுல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" மறுபடி அந்தச் சிரிப்பு.

"எனக்கென்ன சார் பிரச்சினை?" என்றேன். இருநூற்றுப் பதினான்கு கருத்துகளைத் தூக்கிப் போட்டேன். ஒவ்வொன்றையும் போடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அதே வாரம் எதிர்ப்புக் கருத்துகள் வந்து குவிந்தன. உண்மையிலேயே பிடிக்காதவர்கள் முன்பும் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆடிப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை, ஒருவன் கெட்ட வார்த்தையில்கூட எழுதியிருந்தான், இருக்கட்டும். இவை வேறு மாதிரி இருந்தன. 'ஏழாம் அத்தியாயத்தில் வரும் காட்சி குடும்பத்துடன் அமர்ந்து பார்க்க உகந்ததாக இல்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' விளையாட்டு ஆடுகிற எவன் ஐயா தாழ்மையுடன் தெரிவிப்பான்? குதிரை தொலைந்தவனே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறான்.

மறுநாள் காலை வழக்கம்போல மறைத்த கட்டங்களை எழுப்பினேன். உப்புக் கிடங்கு இல்லை. ஆனால் பதினெட்டாவது கட்டம் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயராக இருந்தது. தோணிப் பாலம். தோணிப் பாலம். தோணிப் பாலம். அறுபத்தொன்று. ஆடியவர் பெயர் மட்டும் வேறு வேறு. ஆடிய நேரம் மூன்று நிமிடம், நான்கு நிமிடம். எல்லாம் மதியம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். ஏழாம் அத்தியாயத்தைப் பற்றித் தாழ்மையுடன் தெரிவித்த அறுபத்தொரு பேரும் முதல் அத்தியாயத்தின் பாலத்தையே தாண்டவில்லை. பாலத்துக்கும் உப்புக் கிடங்குக்கும் நடுவில் நாற்பது மணி நேரம் இருக்கிறது.

பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன். மெஷின்: அலுவலகச் சோதனை மெஷின், எண் நான்கு.

அவள் நாற்காலி. அவள் பொத்தான்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு எழுதியிருக்கிறான்.

மெஷின் ரூமைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரிடம் போனேன், எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். வயர்களுக்கு நடுவிலேயே வாழ்கிற மனுஷன், யார் வம்புக்கும் போகமாட்டார்.

"அண்ணே, நாலாம் நம்பர்ல இப்ப யாரு உக்காருறாங்க?"

"யாரும் இல்லம்மா. சாப்பாட்டு நேரத்துல மேஸ்திரி வந்து கதவச் சாத்திக்கிறாரு. ஆடிப் பழகுறாராம். என்னத்தப் பழகுறாரோ. வெளிய நின்னா கேக்கும், மொதல்ல கோடாலி விழும், அப்புறம் இவரு 'ஐயோ'ம்பாரு. கோடாலி, ஐயோ. கோடாலி, ஐயோ. மத்தியானம் பூரா இதே பாட்டு."

அப்படியானால் முழுசாக ஆடிப் பார்த்தவனுக்கு வேண்டுமென்றே சாக வேண்டிய சிரமம்கூட இருந்ததில்லை. தானாகவே செத்திருக்கிறான்.

உடனே போய் மேடத்திடம், அதாவது எங்கள் முதலாளியிடம், சொல்லியிருக்கலாம். சொன்னால் கதவைச் சாத்திப் பேசுவார்கள், அவன் நாலு வார்த்தை குழைவான், கதவைத் திறக்கும்போது எல்லாம் சரியாகியிருக்கும். எனக்கு அது வேண்டாம். பட்டாணியை நடு ஹாலில், எல்லோரும் பார்க்க அவள் அண்ணன் இழுத்துக்கொண்டு போனான். இதுவும் நடு ஹாலில்தான் நடக்க வேண்டும். ஜப்பான்காரர்களோடு கூட்டத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. காத்திருந்தேன். ஐந்து நாளும் அவனுக்கு வணக்கம் சொன்னேன்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டி விடப்போறியா?"

"ஆமா."

"நல்லா ஆழமா மாட்டு. அரைகொறையா விட்டா எந்திரிச்சு வந்து கடிப்பான்."

கூட்டம் காலை பத்தரைக்கு, மெஷின் ரூமை ஒட்டிய ஹாலில். சுவரில் பெரிய திரை. அதில் ஜப்பானிலிருந்து ஒரு அம்மா, நரைத்த கிராப்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. பக்கத்தில் நம் மொழி பேசுகிற மொழிபெயர்ப்பாளர். அந்த அம்மாதான் விளையாட்டின் இடங்களை வரைந்தவர் என்றார். பாலம், கிடங்கு எல்லாம் அவர் கை. எங்கள் பக்கம் மேடம், மேஸ்திரி, குழுவில் பதினான்கு பேர். திரையில் தாள்களை நகர்த்துகிற வேலை எனக்கு.

மேஸ்திரி புதுச் சட்டை போட்டிருந்தான். "நான் முழுசா ஆடிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்" என்று ஆரம்பித்தான். "சண்டை அருமை. ஆனா அந்த ஏழாம் அத்தியாயம்... மொத்தம் எழுபது பேர் கடுமையா எதிர்க்கிறாங்க. ஆதரிச்சு ஒருத்தர்கூட எழுதல." என் பக்கம் திரும்பாமலே, "தாளைக் காட்டும்மா" என்றான்.

காட்டினேன். ஒரு தட்டு தட்டி, பன்னிரண்டுக்கு மேல் மறைந்திருந்த அத்தனையையும் சேர்த்துக் காட்டினேன்.

அவன் கவனிக்கவில்லை. குடும்பம், பண்பு என்று பேசிக்கொண்டே போனான். ஜப்பான் அம்மா கண்ணாடியை மேலே தள்ளினார். மெதுவாக ஏதோ கேட்டார்.

"இவர்களில் பெரும்பாலோர் என் பாலத்தில் இறந்திருக்கிறார்களே, என்று கேட்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "பாலத்தைத் தாண்டாமல் ஏழாம் அத்தியாயத்தை எப்படிப் பார்த்தார்கள்?"

மேஸ்திரி திரையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தாளைச் சற்று பெரிதாக்கினேன். பின்னால் உட்கார்ந்தவர்களுக்கும் தெரிய வேண்டுமல்லவா?

சும்மா சொல்லக் கூடாது, சமாளித்தான். "வேற யாராவது ஆடறத வீடியோல பாத்திருப்பாங்க. நெறையப் பேர் அப்படித்தான்."

"இருக்கலாம். ஆனால் அறுபத்தொரு பேரும் ஒரே மெஷினில் ஆடியிருக்கிறார்கள். அதுவும் உங்கள் அலுவலக மெஷினில்."

ஹாலில் யாரோ செருமினார்கள். மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாலாம் நம்பரா?" என்றான் மேஸ்திரி. எனக்கு இன்றுவரை ஆச்சரியம், அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "அது இங்க இருந்த ஒரு பொண்ணோட மெஷின் மேடம். நடத்தை சரியில்லன்னு அனுப்பிட்டோம். அந்தக் கோவத்துல அவதான் இப்படிப் பண்ணியிருக்கணும்."

எழுந்து நின்றேன்.

"அவ போயி நாலு மாசம் ஆச்சு சார். அவ அண்ணனுக்குப் போன் போட்டு அனுப்பி வெச்சதே நீங்கதான். அடிபட்டா கூப்பிட வாங்கி வெச்ச நம்பர் அது. இதெல்லாம் போன வாரம் எழுதினது. தேதி எதிர்க்கவே இருக்கு. அப்புறம், அவ அந்தப் பாலத்துல சாக மாட்டா. தொள்ளாயிரம் மணி நேரம் ஆடியிருக்கா, ஒரு தடவகூடச் செத்ததில்ல. அவ கணக்கும் இருக்கு, காட்டவா?"

"உக்காரு!" என்றான்.

"உக்கார மாட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார், அது குரலிலேயே தெரிந்தது. ஜப்பான் அம்மா கேட்டு முடித்தார். கோபப்படவில்லை. இரண்டு வரி பேசினார்.

"நீங்கள் முழுதாக ஆடிப் பார்த்ததாகச் சொன்னீர்கள். ஏழாம் அத்தியாயத்தில் எந்த இடம் உகந்ததாக இல்லை என்று ஆடிக் காட்ட முடியுமா? அதற்கு முன்னால், தயவுசெய்து அந்தப் பாலத்தை மட்டும் தாண்டிக் காட்டுங்கள்."

மேடம் மேஸ்திரியைப் பார்த்து, "காட்டுங்க" என்றார்.

மெஷின் ரூம் அண்ணன் நாலாம் நம்பர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவே இல்லை. வயரைச் சொருகினார். கருவியை மேஸ்திரியின் கையில் வைத்தார். "கேடயம் இடது பக்கம் சார்" என்றார் மெதுவாக. உதவியா, நக்கலா, இன்றுவரை தெரியாது.

சுவர் அளவு திரையில் பாலம் வந்தது. வாள்காரி நடந்தாள், அவன் கையில் அவள்கூடத் தடுமாறினாள். கோடாலிக்காரன் உறுமினான். கோடாலி விழுந்தது.

"ஐயோ" என்றான் மேஸ்திரி.

பதினான்கு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். திரையில் எழுத்து வந்தது: 'நீங்கள் இறந்துவிட்டீர்கள். உங்கள் கருத்தைத் தெரிவிக்க விரும்புகிறீர்களா?'

"இன்னொரு தடவ" என்றார் மேடம்.

கோடாலி. இரண்டாம் முறை 'ஐயோ' வெளியே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. மூன்றாம் முறை அவன் கருவியைக் கீழே வைக்கப் போனான். ஜப்பான் அம்மா தலையை ஆட்டி, தொடரச் சொன்னார். கோடாலி. புதுச் சட்டையின் முதுகு முழுக்க ஈரம். நான் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம் என்று தோன்றுமோ என்று பயந்தேன். தோன்றவில்லை.

அன்று மாலைக்குள் அவனுக்கு வேலை போய்விட்டது. ஆனால் மேடம் ஒரு காரியம் செய்தார், அதற்காக அவருக்கு ஆயுசு பூராவும் நன்றி சொல்வேன். பொருந்தாதவையில் போட்ட இருநூற்றுப் பதினான்கையும் அவனே எடுத்துச் சரியான இடத்தில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். கூட இருந்து சரிபார்க்க என்னை உட்கார வைத்தார்.

"சத்தமாப் படிங்க சார்" என்றேன். "அப்பதான் நான் குறிச்சுக்க முடியும்."

"மனசுக்குள்ள படிச்சாப் போதாதா?"

"போதாது சார்."

படித்தான். "'ஐம்பது மணி நேரமா ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருக்காங்க. யாராவது ஒருத்தி...'"

"முழுசா."

"'...வாயத் தொறங்கடி.'"

"எந்தக் கட்டம் சார்?"

"யூரி" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அடுத்தது."

இரண்டு மணி நேரம். நூற்று ஐம்பதுக்கு மேல் குரல் கம்மிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். நான் அப்படியொன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. குடித்துவிட்டு மீதி அறுபத்து நாலும் படித்தாக வேண்டும். முடிந்து எழுந்தபோது கதவருகில் நின்றான்.

"என் வீட்டுக்கு எதுவும் சொல்லிடாத."

"உங்க படிவத்துல அவசரத்துக்குன்னு யாரு நம்பர் சார் குடுத்திருக்கீங்க?"

வேகமாக வெளியே போனான். அவன் மாமனார் எண். நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன். இன்றுவரை கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டேன் என்றும் அவனிடம் சொல்லவில்லை. மாமனார் போன் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவன் இருக்கிற இடத்திலேயே ஒரு கோடாலி விழட்டும்.

பத்து நாள் கழித்து ஜப்பான் கம்பெனி ஆடுகிற எல்லோருக்கும் திரையில் ஒரு அறிவிப்பு போட்டது. இரண்டாம் பாகத்தில் வாள்காரியும் வைத்தியக்காரியும் இருப்பார்கள், எந்த மொழியிலும் எதுவும் வெட்டப்படாது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். கருத்து கொட்டியது. அறிவிப்பு வந்த நான்காம் நாள் காலை, மறைக்கத் தேவையில்லாத பதினெட்டாவது கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தேன்.

உப்புக் கிடங்கு.

நகர்த்துகிற விரல் நின்றுவிட்டது. ஆடுபவர் பெயர்: சிங்கக்குட்டி. அது அண்ணன் வைத்துக்கொண்ட பெயராகத்தான் இருக்கும், அந்த மூஞ்சிக்கு. கணக்கைத் திறந்து பார்த்தேன். முந்தாநாள்வரை அதில் முப்பத்தெட்டு சாவு, எல்லாம் தோணிப் பாலத்தில். நேற்று ஒரே நாளில், காலை ஒன்பது மணியிலிருந்து சாயந்திரம் ஐந்து மணிக்குள் ஆறு அத்தியாயத்தையும் கடந்து ஏழாவதுக்கு வந்திருக்கிறது. நாற்பது மணி நேர வழி, எட்டு மணி நேரத்தில். வழியில் ஒரு கீறல்கூட இல்லை. கிடங்கில் ஒரே ஒரு சாவு.

கருத்து இருந்தது.

'இன்றுதான் மெஷினைப் பூட்டி வைத்த அலமாரிச் சாவி கிடைத்தது. இரண்டாம் பாகத்தில் அண்ணன் பாத்திரம் வேண்டாம். அவன் காலை எட்டரைக்குக் கிளம்பினால் ஆறு மணிவரை வருவதில்லை, வெளியே பூட்டிவிட்டுப் போகிறான். வாள்காரி வரட்டும். வைத்தியக்காரி மூட்டை கட்டி வைத்திருக்கிறாள்.'

நான்கு மாதமாக அழாமல் வைத்திருந்ததை மேஜைக்கு அடியில் குனிந்து அழுதுவிட்டு வந்தேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். ஒவ்வொரு கருத்துக்கும் கம்பெனி பெயரில் ஒரு வரி பதில் அனுப்பலாம். வழக்கமாக 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று போடுவோம். அண்ணன் கண்ணில் பட்டாலும் புரியக் கூடாது என்று யோசித்து எழுதினேன்.

'அன்புடையீர், தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நிறைவேற்றப்படும்.'

வியாழக்கிழமைக்கு விடுப்பு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்ப அவசரம்' என்று போட்டேன். அம்மாவிடம் போனில் சொன்னேன். "கூட ஒரு தலகாணி வேணுமே" என்றாள், அவ்வளவுதான்.

பிறகு மெஷின் ரூமுக்குப் போனேன்.

"அண்ணே, கடப்பாரை ஏதாவது இருக்கா?"

"இங்க ஏதும்மா கடப்பாரை? ஸ்க்ரூ டிரைவர்தான் இருக்கு. எதுக்கு?"

அந்த வீட்டின் இரும்புக் கதவை நினைத்துப் பார்த்தேன். பூட்டு பெரியது. ஆனால் கீல்கள் வெளிப்பக்கம், ஒவ்வொன்றுக்கும் நாலு திருகாணி.

"இருக்கறதுலயே பெருசாக் குடுங்க" என்றேன்.